லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு: யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகவும், “வேகமாகச் சொல்லிவிட்டீர்கள், எழுதித் தாருங்கள்” என்று கேட்டவர்களுக்காகவும்.)



மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பராமரிப்புக் கட்டண பாக்கி எல்லாம் பேசி முடித்த பிறகு, வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருக்கும் உங்களை இன்னும் கால் மணி நேரம் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறார் செயலாளர். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கல்லூரியில் சேரும் நேரம் இது. கடந்த சில வாரங்களில் மட்டும் நான்கு வீட்டுக்காரர்கள் என்னை வழியில் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “சார், பையன் கேமிங் லேப்டாப்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். எண்பதாயிரம் சொல்றாங்க. சாதா லேப்டாப் அம்பதாயிரம்தான். என்ன பண்றது?”

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது எல்லாம், ஒரு தவறு செய்துவிட்டு அதன் பிறகு கற்றுக்கொண்டதுதான். அந்தத் தவறையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024-ல் என் மகள் வயிற்றுப் பேரன் இன்ஜினியரிங் சேர்ந்தான். லேப்டாப் தாத்தாவின் பரிசு என்று நான்தான் முன்வந்தேன். முதிர்வடைந்த ஒரு டெபாசிட்டில் இருந்து 54,000 ரூபாய் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. “கேம் எல்லாம் ஓடுமா தம்பி?” என்று கேட்டேன். விற்பனைப் பையன் திரையில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். ஜிபியு மெமரி 3.9 ஜிபி என்று இருந்தது. “நாலு ஜிபி கிராபிக்ஸ் சார், எல்லாம் ஓடும்” என்றான். கவுன்டரிலேயே காலம் கழித்தவன் அல்லவா, வாய்ச்சொல்லை நம்ப மாட்டேன். பில்லில் “4 ஜிபி கிராபிக்ஸ்” என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

வீட்டில் பேரன் அதைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தான். “தாத்தா, இதுல தனி கிராபிக்ஸ் கார்டு இல்ல. அது ஷேர்டு மெமரி” என்றான். நான் பில்லை எடுத்து நீட்டினேன். “எழுதியே கொடுத்திருக்கான். கடைக்காரனை விட உனக்குத் தெரியுமா? உங்களுக்கெல்லாம் எவ்வளவு வாங்கிக் கொடுத்தாலும் போதாது.” அவன் பதில் பேசவில்லை. அதன் பிறகு பல மாதங்கள் அந்த லேப்டாப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சொன்னதுதான் சரி. அதை நான் புரிந்துகொள்ள ஓராண்டு ஆனது.

சரி, அவன் சொன்ன ‘ஷேர்டு மெமரி’ என்றால் என்ன?

நம் குடியிருப்புகளில் தண்ணீர் இரண்டு விதமாக வருகிறது. சில இடங்களில் பிளாட் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே சம்ப். சில தனி வீடுகளில் சொந்த போர், சொந்த மோட்டார், சொந்த டேங்க். லேப்டாப்பிலும் அப்படித்தான். படம் வரைந்து திரைக்கு அனுப்புகிற வேலையைச் செய்வது கிராபிக்ஸ் சிப். அது பிராசஸருக்கு உள்ளேயே சேர்ந்து இருந்தால், அதற்கென்று தனி நினைவகம் கிடையாது. கணினியின் பொது ரேமில் இருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது பொதுச் சம்ப். இதை உள்ளிணைந்த கிராபிக்ஸ் என்று சொல்லலாம். தனி கிராபிக்ஸ் கார்டு என்பது தனி சிப், தனி நினைவகம், தனி மின்சாரம். அது சொந்த போர்.

எனக்குக் காட்டிய 3.9 ஜிபி என்பது, என் 8 ஜிபி ரேமில் தேவைப்பட்டால் கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் அனுமதிக்கும் உச்ச வரம்பு. ஏறக்குறைய பாதி. எட்டு வீட்டுச் சம்ப்பைக் காட்டி “உங்கள் வீட்டுக்கு நாலாயிரம் லிட்டர் டேங்க் இருக்கு சார்” என்று சொன்ன மாதிரி.

பொதுச் சம்ப்பாக இருப்பதே குற்றம் இல்லை. குழாய் எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி. டிடிஆர்4-3200 வகை ரேம் ஒன்று, ஒரு விநாடிக்கு 25.6 ஜிபி வரை தரவு தரும். அதையும் பிராசஸரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற தனி கார்டின் சொந்த நினைவகம் விநாடிக்கு 192 ஜிபி தரும். ஏழரை மடங்கு. சிப்பின் பலம் ஒரு பக்கம் இருக்கட்டும், குழாயிலேயே இவ்வளவு வித்தியாசம். இதற்கு எதிர் உதாரணம் ஒன்று. பிள்ளைகள் கேட்கும் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறதே, அதிலும் பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே சிப்தான், நினைவகமும் பொதுதான். ஆனால் அந்தக் குழாய் விநாடிக்கு 448 ஜிபி. அதனால்தான் அது அவ்வளவு வேகம்.

இவ்வளவு தரவு எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு சாதாரண கூட்டல் கணக்கு போடுவோம். இன்றைய லேப்டாப் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. விளையாட்டு வழுக்கிக்கொண்டு போக, விநாடிக்கு 60 படம் வேண்டும். அதாவது ஒவ்வொரு விநாடியும் சுமார் 12.4 கோடி புள்ளிகளுக்கு நிறம், வெளிச்சம், நிழல் எல்லாம் கணக்கிட வேண்டும். சினிமா பார்க்கும்போது படங்கள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன, எடுத்துக் காட்டினால் போதும். கேமில் பிள்ளை எந்தப் பக்கம் திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு படத்தையும் அந்தக் கணத்தில்தான் வரைய வேண்டும். யூடியூப் அருமையாக ஓடும் லேப்டாப்பில் கேம் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கேம் ஓடவே ஓடாதா? இங்கேதான் நாம் எல்லோரும் ஒரேயடியாகத் தப்பாக நினைக்கிறோம்.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தது நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அன்றைக்கு அம்பத்தூரும் இதே மாவட்டம். நம் தெருக்களில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அந்த லேப்டாப்தான். அதில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஆனால் அன்றைய பையன்களைக் கேளுங்கள், இப்போது அவர்களுக்கும் முப்பது வயது ஆகியிருக்கும். ஜிடிஏ வைஸ் சிட்டியும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் அதில்தான் விளையாடினார்கள். எப்படி ஓடியது? அந்த விளையாட்டுகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்னால் வந்தவை. விளையாட்டின் வயதும் மெஷினின் பலமும் பொருந்தியது, ஓடியது.

இப்போது மறுபடியும் அரசு லேப்டாப் வந்திருக்கிறது. ‘உலகம் உங்கள் கையில்’ திட்டத்தில் 2026 ஜனவரி முதல் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ். படிப்புக்கு நல்ல மெஷின். நம் வீடுகளிலும் சில பிள்ளைகள் வாங்கி வந்திருக்கிறார்கள். வாங்கிய அன்றே “இதுல என்ன கேம் ஓடும்?” என்று பார்த்திருப்பார்கள். அதில் தப்பில்லை.

பதில், எந்த கேம் என்பதைப் பொறுத்தது. பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து ஆடும் வாலரன்ட் என்ற விளையாட்டு 2020-ல் வெளியானது. குறைந்தபட்சம் விநாடிக்கு 30 படம் ஓட அதைச் செய்த நிறுவனம் கேட்டது இன்டெல் எச்டி 4000. அது 2012-ல் வந்த உள்ளிணைந்த கிராபிக்ஸ். அதாவது பழைய சாதாரண லேப்டாப்பிலும் ஓட வேண்டும் என்று நினைத்தே அந்த விளையாட்டைச் செய்தார்கள். அதிகம் பேர் ஆடினால்தான் அவர்களுக்கு வருமானம். குழுவாக ஆடும் பல விளையாட்டுகள் இந்த ரகம்தான்.

இன்னொரு ரகம் இருக்கிறது. எல்டன் ரிங் என்ற விளையாட்டு 2022-ல் வந்தது. அதன் குறைந்தபட்சத் தேவையே ஜிடிஎக்ஸ் 1060 என்ற தனி கார்டு. 2024-ல் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டுக்குக் குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் வேண்டும். ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதி சிப்பிலேயே இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. அது இல்லாத சிப்பில் மெதுவாக ஓடும் என்பதல்ல, தொடங்கவே தொடங்காது.

இந்த இரண்டு ரகத்துக்கும் நடுவே இன்று ஒரு பெரிய இடம் உருவாகியிருக்கிறது. உள்ளிணைந்த கிராபிக்ஸ் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். இன்டெல் யுஎச்டி என்பது கீழ்ப்படி. ஐரிஸ் எக்ஸ்இ அதற்கு மேல். ஏஎம்டியின் ரேடியான் 680எம், 780எம், 890எம், இன்டெலின் புதிய ஆர்க் வகைகள் எல்லாம் இன்னும் மேலே. 780எம் என்பது, 2019-ல் தனி கார்டாக விற்ற ஜிடிஎக்ஸ் 1650-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அளவைக் குறைத்து வைத்து ஆடினால் கனமான விளையாட்டுகளில் பலவும் அதில் ஓடும். குறைத்து வைப்பது என்றால், திரையை 1,280-க்கு 720 என்று மாற்றுவது. புள்ளிகள் 9,21,600 ஆகிவிடும். வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது. படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் ஓடும்.

இப்போது என் பேரன் கதைக்குத் திரும்ப வருகிறேன்.

சென்ற ஆண்டு வேறு ஒரு வேலையாக ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன். என் பழைய லேப்டாப்பின் கீபோர்டு மாற்ற வேண்டியிருந்தது. அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுவாக்கில் பேரனின் லேப்டாப் பற்றிச் சொன்னேன். அவர் தலை நிமிராமலே, “சார், மேல ஐரிஸ்னு ஸ்டிக்கர் இருக்கும், உள்ள யுஎச்டின்னு காட்டும். ரேம் ஒண்ணுதான் போட்டிருப்பான்” என்றார்.

வீட்டுக்கு வந்து பேரனிடம் கேட்டேன். அப்படியே இருந்தது. அந்த பிராசஸருக்குள் இருப்பது ஐரிஸ் எக்ஸ்இ. ஆனால் ரேம் இரண்டு வழியாக வந்தால்தான் அந்தப் பெயரோடும் பலத்தோடும் வேலை செய்யும் என்பது இன்டெல் வைத்த விதி. ஒரே ரேம் இருந்தால் வெறும் யுஎச்டி என்றுதான் காட்டும். நான் வாங்கிய மெஷினில் 8 ஜிபி ரேம் ஒன்று. பக்கத்தில் இன்னொரு இடம் காலி. இரண்டு குழாய் போட வேண்டிய சம்ப்பில் ஒரு குழாய் போட்டு விற்றிருக்கிறார்கள்.

இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டோம். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. விநாடிக்கு 25.6 ஜிபி என்பது 51.2 ஆனது. திரையில் யுஎச்டி மறைந்து ஐரிஸ் எக்ஸ்இ என்று வந்தது. முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவே தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டு ஐம்பதைத் தாண்டி ஓடியது. அவன் நண்பர்களோடு ஆடுவதற்கு அது போதும். படிக்கிற மென்பொருள்களும் முன்னை விட லேசாகத் திறந்தன.

“நீ சொன்னதுதான்டா சரி. நான்தான் பில்லைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கல” என்றேன். “பரவாயில்ல தாத்தா, அன்னிக்கு நீங்க கத்தினதுல ரேம் பத்தியும் சொல்ல விட்டுட்டேன்” என்றான். முதல் நாளே அவனுக்குத் தெரியும். இரண்டாயிரம் ரூபாய் கேட்கப் பயந்துகொண்டு ஒரு வருடம் அப்படியே ஓட்டியிருக்கிறான். 54,000 கொடுத்தவன் நான். கேட்க வாயில்லாமல் செய்தவனும் நான்தான்.

உங்கள் வீட்டு லேப்டாப்பை இன்றே பார்த்துக்கொள்ளலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். மெமரி என்பதைத் தொட்டால், ரேம் இடங்கள் எத்தனை, எத்தனையில் போட்டிருக்கிறது என்று இருக்கும். ஜிபியு என்பதைத் தொட்டால் சிப்பின் பெயர் இருக்கும். ஜிபியு 0 என்று ஒன்று மட்டும் இருந்து, அது பிராசஸரோடு வருகிற கிராபிக்ஸ் என்றால், தனி கார்டு இல்லை. கடையிலும் பணம் கட்டுவதற்கு முன் இதையே திறந்து காட்டச் சொல்லுங்கள். ‘ஷேர்டு’ என்று போட்டிருக்கும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: சில மெல்லிய லேப்டாப்புகளில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், பிறகு சேர்க்க முடியாது. வாரன்டியில் இருப்பதைத் திறக்கும் முன் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2025 கடைசியில் இருந்து ரேம் விலை உலகம் முழுவதும் ஏறிவிட்டது. நான் போட்ட விலைக்கு இப்போது கிடைக்காது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, “அப்போ தனி கார்டே வேண்டாம்னு சொல்றார்” என்று எழுந்து போய்விடாதீர்கள். மறுபக்கமும் இருக்கிறது.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். அவள் அப்பாவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். சேரும்போது கல்லூரியில் கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கடையில் போய்ப் பார்த்தால், அந்த மெஷின்கள் எல்லாம் ‘கேமிங்’ என்ற பலகைக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிய வைத்திருக்கிறது. “பொண்ணுக்கு எதுக்கு கேமிங் லேப்டாப்?” என்று சாதாரணமானதை வாங்கிவிட்டார்கள். கட்டடத்தை முப்பரிமாணத்தில் வரைந்து, வெயிலும் நிழலும் விழுகிற மாதிரி படம் எடுக்கும் லுமியன் போன்ற மென்பொருள்கள் நல்ல தனி கார்டு இல்லாமல் வேலைக்கு ஆகாது. அந்தப் பெண் இரண்டு வருடம் சமர்ப்பிப்பு நாட்களுக்கு முன்னால் தோழி வீட்டில் போய் உட்கார்ந்து இரவெல்லாம் வேலை பார்த்தாள். மூன்றாம் ஆண்டில் இன்னொரு லேப்டாப் வாங்க வேண்டி வந்தது. லேப்டாப்பில் ரேம் சேர்க்கலாம், எஸ்எஸ்டி மாற்றலாம். கிராபிக்ஸ் கார்டைப் பிறகு உள்ளே சேர்க்க முடியாது. அது முதல் நாளே எடுக்க வேண்டிய முடிவு.

கேமிங் என்ற சொல்லைப் பார்த்து வேண்டாம் என்பதும் தவறு, கிராபிக்ஸ் என்ற சொல்லைப் பார்த்து வாங்குவதும் தவறு. ஆர்க்கிடெக்சர், அனிமேஷன், வீடியோ எடிட்டிங் படிக்கிறவர்களுக்குத் தனி கார்டு தொழில் கருவி. பி.காம்., பி.ஏ., சாதாரண புரோகிராமிங் ஆகியவற்றுக்குத் தேவையே இல்லை. ஆட்டோகேடில் வெறும் கோட்டுப் படம் வரைய உள்ளிணைந்ததே போதும். செயற்கை நுண்ணறிவு படிக்கிறேன், கார்டு வேண்டும் என்று பிள்ளை சொன்னால், ஆரம்பப் பாடங்களுக்கு கூகுள் கோலாப் என்ற இடத்தில் இலவசமாகவே ஓரளவு கிடைக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். கனமான விளையாட்டுதான் ஆசை, வீட்டில் வசதியும் இருக்கிறது என்றால், அதையும் நேராகவே பேசி வாங்கலாம். படிப்புக்கு என்று பொய் சொல்ல வைக்காமல் இருந்தால் சரி.

தனி கார்டு என்று முடிவு செய்தால் கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, வாட். ஒரே ஆர்டிஎக்ஸ் 4050 என்ற பெயரில், 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை லேப்டாப் நிறுவனங்கள் வைத்துக்கொள்ளலாம். ஒரே மோட்டாரை ஒரு வீட்டில் முழு வோல்டேஜிலும் இன்னொரு வீட்டில் குறைந்த வோல்டேஜிலும் ஓட்டுவது போல. பெயர் ஒன்று, வரும் தண்ணீர் வேறு. மெல்லிய மெஷினில் குறைவாகத்தான் கொடுத்திருப்பார்கள். நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் டிஜிபி என்று போட்டிருக்கும், கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கார்டின் சொந்த நினைவகம். ஆர்டிஎக்ஸ் 2050-ல் 4 ஜிபி, 4050-ல் 6 ஜிபி, 4060-ல் 8 ஜிபி. புதிய கனமான விளையாட்டுகளுக்கு 4 ஜிபி இன்றே இழுபறிதான்.

மூன்றாவது, நம் ஊர் வெயில். மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் மே மாதம் மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். சூடு அதிகமானால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எண்பதாயிரம் கொடுத்து வாங்கிய வேகம் குளிர்ந்த அறையில்தான் கிடைக்கும். மெத்தை மேல் வைத்து ஆடக் கூடாது, அடியில் காற்று போக வேண்டும். எஸ்டேட் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தூசி. ஆண்டுக்கு ஒரு முறையாவது ஃபேனைச் சுத்தம் செய்ய வேண்டும்.

நான்காவது, எடை. சார்ஜரோடு சேர்த்துச் சுமார் மூன்று கிலோ. காலை எட்டு மணிக்கு ஆவடியில் சென்ட்ரல் ரயில் ஏறுகிற பிள்ளை அதை முதுகில் சுமக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது தனி கார்டு முழு பலம் காட்டாது, சீக்கிரம் தீர்ந்தும் விடும். வகுப்பில் பிளக் கிடைக்குமா என்று யோசியுங்கள்.

கரன்ட் பில் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். விளையாடும்போது 150 வாட், தினம் மூன்று மணி நேரம், 60 நாள் என்றால் 27 யூனிட். உள்ளிணைந்த லேப்டாப் 40 வாட் என்றால் 7 யூனிட் சொச்சம். இரண்டு மாதத்துக்கு 20 யூனிட் வித்தியாசம்தான். ஆனால் கரன்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் அதைப் போட்டால், பழைய ஃபேன் இரண்டு கூடுதலாக ஓடுகிற சுமை. பாட்டி ஃபேன் இல்லாமல் உட்கார வேண்டியிருக்கும்.

கடைசியாக, என் தொழில் சம்பந்தமான விஷயம். கடையில் ‘வட்டியில்லா ஈஎம்ஐ’ என்பார்கள். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே, வட்டி பூஜ்யம் என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் வாடிக்கையாளரிடம் வசூலாகிறது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். செயல்முறைக் கட்டணம் உண்டா, வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி போடுவார்களா என்றும் கேளுங்கள். அப்புறம் தேய்மானம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் போடுவோம். 80,000 ரூபாய் மெஷின் முதல் ஆண்டு முடிவில் 48,000. அடுத்து 28,800. அடுத்து 17,280. நான்காண்டுப் படிப்பு முடியும்போது 10,368. இது ஏட்டுக் கணக்குதான். ஆனாலும் “பின்னாடி உதவும்” என்று சொல்லித் தேவைக்கு மேல் வாங்கும் முன் இந்த எண்களை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆகவே, கடைக்குப் போகும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பதில் போடுங்கள்.

1. எந்த விளையாட்டு, எந்த மென்பொருள்? பெயர் சொல்ல வேண்டும். அதன் குறைந்தபட்சத் தேவையும் பரிந்துரைக்கும் தேவையும் என்ன?

2. அதற்கு உள்ளிணைந்த கிராபிக்ஸ் போதும் என்றால், சிப்பின் முழுப் பெயர் என்ன? ரேம் ஒன்றா, இரண்டா? பிறகு சேர்க்க இடம் இருக்கிறதா?

3. தனி கார்டு வேண்டும் என்றால், அதன் பெயர், நினைவகம், வாட் மூன்றும் என்ன?

4. தினமும் சுமக்க வேண்டுமா, வீட்டிலேயே இருக்குமா?

5. ரொக்க விலை என்ன, ஈஎம்ஐயில் மொத்தம் எவ்வளவு?

பில்லில் கிராபிக்ஸ் 4 ஜிபி, 8 ஜிபி என்று எழுதி வாங்காதீர்கள். சிப்பின் பெயரை எழுதி வாங்குங்கள். நான் வாங்கிய காகிதம் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்தக் கடையிலும் ஒன்றும் கேட்க முடியாது. “ஷேர்டு மெமரிதானே சார், அதுவும் நாலு ஜிபிதான்” என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் உங்கள் பிள்ளைக்கே பதில் தெரிந்திருக்கும். தெரியாததைத் தேடிச் சொல்வான், சொல்வாள். பணம் நம்முடையது, முடிவு நாமே எடுப்போம். ஆனால் அவர்கள் பேசி முடிக்கும் வரை நாம் பில்லை எடுத்து நீட்டாமல் இருப்போம். என் பேரன் இந்தப் பேச்சை முதலிலேயே படித்துப் பார்த்து, இரண்டு எண்களைத் திருத்திக் கொடுத்தான். இந்த முறை அவன் சொன்னதை அப்படியே போட்டிருக்கிறேன்.

டீ ஆறுவதற்குள் போவோம்.